கடவுள் அன்பானவர் என்றால் சிலுவை எதற்கு? சும்மா மன்னித்திருக்கக் கூடாதா?

கேள்வி சுருக்கமாக இது: கடவுள் அன்பே உருவானவர் என்றால், மனிதரை மன்னிக்க அவருக்கு ஒரு சாவு எதற்கு? அதுவும் சொந்த மகனின் சாவு? சாதாரணத் தகப்பன்கூடப் பிள்ளையைச் சும்மா மன்னித்துவிடுகிறானே?

நியாயமான கேள்வி. கிறிஸ்தவர்களில் பலரே ஒரு தவறான படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் பதில் சொல்கிறார்கள். மேலே கோபத்தோடு ஒரு தகப்பன், கீழே நடுங்கும் மனிதர், இடையில் புகுந்து அடியை வாங்கிக்கொள்ளும் மகன். அடித்து முடித்ததும் தகப்பனின் கோபம் தணிகிறது. இந்தப் படம் உண்மையென்றால் நியாயம் கேள்வி கேட்டவர் பக்கம்தான். ஆனால் புதிய ஏற்பாட்டில் இருப்பது இந்தப் படம் அல்ல.

அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் 5:8-ஐ மெதுவாக வாசியுங்கள். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." மரித்தவர் கிறிஸ்து, விளங்கியது தேவனுடைய அன்பு. ஒருவர் சாக, இன்னொருவருடைய அன்பு எப்படி விளங்கும்? நான் உங்களை நேசிக்கிறேன் என்று காட்டுவதற்கு வேறொருவரைச் சாக அனுப்பினால், அதில் தெரிவது என் அன்பு அல்ல, என் கொடுமை. ஆகவே பவுலின் இந்த வாக்கியம் பொருள் தர வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் உண்டு: சிலுவையில் இருப்பவர் கடவுளுக்கு வெளியே உள்ள மூன்றாம் ஆள் அல்ல, அங்கே தம்மையே கொடுப்பவர் கடவுள்தான். 2 கொரிந்தியர் 5:19 இதை நேராகவே சொல்கிறது: தேவன் "கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார், அதாவது முறிந்த உறவைச் சீராக்கினார். ஒப்புரவாக்குகிறவரும் அவரே, அதற்கான விலையைச் சுமப்பவரும் அவரே. கடவுள் மனம் மாறுவதற்காக யாரோ எதையோ செய்தார்கள் என்று புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. ஒப்புரவாக வேண்டியவர்கள் எப்போதும் மனிதர்தான்.

இனி அந்த "சும்மா" என்ற சொல்லுக்கு வருவோம்.

மன்னிப்பு சும்மா கிடைப்பது மன்னிக்கப்பட்டவருக்கு மட்டுமே. உங்கள் பொருளை ஒருவர் இரவல் வாங்கி உடைத்துவிட்டார். "விடுங்கள், தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டீர்கள். உடைந்த பொருள் அதனால் முழுசாகிவிடவில்லை. ஒன்று நீங்கள் காசு போட்டுப் புதிது வாங்க வேண்டும், இல்லையென்றால் அது இல்லாமலே காலம் தள்ள வேண்டும். நட்டம் மறையவில்லை, கை மாறியிருக்கிறது. பொருளுக்கே இப்படி என்றால், அவதூறுக்கும் துரோகத்துக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெயரைக் கெடுத்தவரை மன்னிப்பது என்றால், பதிலுக்கு அவர் பெயரைக் கெடுக்காமல் இருப்பது. கெட்ட பெயரை நீங்களே சுமந்து திரிவது. அது உள்ளே எவ்வளவு அறுக்கும் என்பது மன்னித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இயேசு இதையே ஒரு கணக்காகச் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 18:23-35). ஓர் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 டெனாரியஸ். ஒரு டெனாரியஸ் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் கடன் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருடம் உழைக்க வேண்டும். "எல்லாவற்றையும் தந்து தீர்க்கிறேன்" என்று அவன் காலில் விழுந்து சொல்வது எவ்வளவு பொருளற்ற வாக்குறுதி என்று கேட்டவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். ராஜா மனமிரங்கிக் கடனை விட்டுவிடுகிறார். அதே ஊழியக்காரன் வெளியே போய், தனக்கு 100 டெனாரியஸ் தர வேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். இரண்டு கடனுக்கும் இடையிலான விகிதம் 6 லட்சத்துக்கு ஒன்று. இந்த உவமையைப் பிரசங்கிக்கிறவர்கள் பொதுவாக அந்த ஊழியக்காரனின் கல்நெஞ்சத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ராஜாவின் கஜானாவை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே 6 கோடி டெனாரியஸ் இல்லை. கடன் வாங்கியவன் கட்டவில்லை, வேறு யாரும் கட்டவில்லை. ராஜா இழந்தார். அவ்வளவுதான்.

"கெட்ட குமாரன் உவமையில் தகப்பன் பலி எதுவும் கேட்கவில்லையே" என்பது அடுத்து வரும் கேள்வி. தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனின் கதை அது. கேட்கவில்லை, உண்மை. ஆனால் அந்தத் தகப்பன் எதையும் இழக்கவில்லை என்று நினைத்தால் லூக்கா 15-ஐச் சரியாக வாசிக்கவில்லை என்று பொருள். உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். உபாகமம் 21:17-ன்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. எனவே இளையவன் கொண்டுபோய் அழித்தது மூன்றில் ஒரு பங்கு. மீதி இருப்பதெல்லாம் மூத்தவனுக்கு உரியது. "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பனே சொல்கிறார். இளையவன் திரும்பி வந்தபின் அவன் உடுத்தும் வஸ்திரம், மோதிரம், கொழுத்த கன்று எல்லாமே மீதியிருக்கும் அந்தப் பங்கிலிருந்துதான். போதாக்குறைக்கு, மதிப்புள்ள ஒரு முதியவர் எல்லாரும் பார்க்க ஓடுகிறார். பிறகு விருந்தை விட்டு வெளியே வந்து மூத்த மகனிடம் கெஞ்சுகிறார். சொத்தும் போயிற்று, மதிப்பும் போயிற்று. மகன் கொடுக்க வேண்டியதைத் தகப்பன் கொடுத்திருக்கிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "பரவாயில்லை" என்பது ஒன்று, "மன்னித்தேன்" என்பது வேறு. நடந்தது சிறிய விஷயம் என்று சொல்வது பரவாயில்லை. நடந்தது பெரிய அநியாயம், ஆனாலும் அதை உன்மேல் வைக்கமாட்டேன் என்று சொல்வது மன்னிப்பு. ஒரு குழந்தையைக் கொன்றவனிடம் கடவுள் "பரவாயில்லை" என்று சொன்னால், அந்தக் குழந்தைக்குக் கடவுள் துரோகம் செய்கிறார். கடவுள் ஏன் சும்மா விட்டுவிடக் கூடாது என்று கேட்கும்போது, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். சிலுவை பாவத்தைச் சிறிதாக்கவில்லை. அது எத்தனை கொடியது என்பதை அப்பட்டமாகக் காட்டிவிட்டு, அதன் பாரத்தைச் செய்தவன்மேல் வைக்காமல் கடவுள் தம்மேல் வைத்துக்கொண்டது. நீதியும் இரக்கமும் ஒன்றையொன்று வெல்லாமல் ஒரே இடத்தில் சந்திப்பது என்று இறையியலார் சொல்வது இதைத்தான்.

அடுத்த தடை "பலி" என்ற சொல். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு தெய்வத்தின் சீற்றத்தைத் தணிக்க ஓர் உயிரைக் காவு கொடுப்பதுதான் மனதில் வருகிறது. எபிரேயத்தில் காணிக்கைக்கும் பலிக்கும் பொதுவான சொல் "கொர்பான்". "கிட்டே வருதல்" என்ற வேரிலிருந்து பிறந்தது. கடவுளுக்குப் பசி என்ற எண்ணத்தைப் பழைய ஏற்பாடே கடிந்துகொள்கிறது: "நான் எருதுகளின் மாம்சம் புசித்து, ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?" (சங்கீதம் 50:13). லேவியராகமத்தின் முறைகளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் நாம் கற்பனை செய்வது அங்கே இல்லை என்பது தெரியும்.

சாதாரண மனிதன் ஒருவன் பாவநிவாரண பலி கொண்டுவருகிறான் என்று வையுங்கள் (லேவியராகமம் 4:27-31). மிருகத்தின் தலையில் அவனே கையை வைக்கிறான். கொல்வதும் அவனே, ஆசாரியன் அல்ல. ஆசாரியனின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: இரத்தத்தை விரலில் எடுத்துப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதியை அடியில் ஊற்றி, கொழுப்பை எரிப்பது. சடங்கின் மையம் கொலை அல்ல, இரத்தத்தைக் கையாள்வது. அதற்குக் காரணம் 17:11-ல் இருக்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. பூசப்படுவது உயிர். மிருகத்தின் மாம்சத்தை ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்தில் சாப்பிட வேண்டும். அது "மகா பரிசுத்தமானது" (6:25-29). பாவியின் தண்டனையை வாங்கி அசுத்தமாகிவிட்ட பொருளாக இருந்தால் அதைப் பரிசுத்தம் என்று சொல்லிச் சாப்பிடச் சொல்வார்களா? இன்னொன்று: ஆடு வாங்க வசதியில்லாதவன் இரண்டு புறாக்குஞ்சுகள் கொண்டுவரலாம்; அதற்கும் வழியில்லாதவன் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 2 லிட்டர் மெல்லிய மாவு கொண்டுவரலாம், எண்ணெயும் சாம்பிராணியும் போடாமல் (5:11). அந்த மாவிலும் பாவநிவிர்த்தி உண்டு. இரத்தவெறி கொண்ட ஒரு தெய்வம் மாவை ஏற்றுக்கொள்ளாது.

17:11-ல் இன்னொரு சொல்லும் எளிதில் கண்ணில் படாமல் போகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் "நான் அதை உங்களுக்கு… கட்டளையிட்டேன்" என்று இருக்கிறது. எபிரேயத்தில் அது "கொடுத்தேன்". இரத்தத்தை மனிதன் கடவுளுக்குக் கொடுப்பதாக நாம் நினைக்கிறோம். கடவுள் "நான் உங்களுக்குக் கொடுத்தேன்" என்கிறார். கொடுக்கிறவர் யார் என்பது அங்கேயே திரும்பிவிட்டது.

வருடத்துக்கு ஒரு நாள் வரும் பாவநிவிர்த்தி நாளில் (லேவியராகமம் 16) இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப்போட்டு ஒன்றைக் கர்த்தருக்கென்று ஒதுக்குவார்கள், மற்றொன்று போக்காடு. பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுவது போக்காட்டின் தலையில்தான். அது கொல்லப்படுவதில்லை, பாவத்தைச் சுமந்துகொண்டு உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. கொல்லப்படும் ஆட்டின் இரத்தமோ மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு உள்ளே போய், கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்பாகவும் தெளிக்கப்படுகிறது. கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் பசும்பொன் மூடி. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், மேலே இரண்டு கேருபீன்கள், அதாவது சிறகு விரித்த தேவதூத உருவங்கள் (யாத்திராகமம் 25:17-18). "அங்கே நான் உன்னைச் சந்திப்பேன்" என்று கடவுள் மோசேக்குச் சொன்ன இடம் அது.

இந்த மூடிக்குக் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் உள்ள பெயர் "ஹிலாஸ்டேரியன்". ரோமர் 3:25-ல் பவுல் கிறிஸ்துவுக்குப் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. தமிழில் அங்கே "கிருபாதாரபலி" என்று வருகிறது. எபிரெயர் 9:5-ல் அதே கிரேக்கச் சொல் "கிருபாசனம்" என்று வருகிறது. கிருபாசனம் என்று வைத்து ரோமர் 3:25-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் வருடத்துக்கு ஒருவர் ஒருமுறை மட்டும் பார்த்த அந்தச் சந்திப்பிடத்தைக் கடவுள் வெளியே கொண்டுவந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வைத்துவிட்டார் என்று பவுல் சொல்வது கேட்கும். சுவிசேஷம் எழுதிய மாற்கு, இயேசு உயிர்விட்ட உடனே தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்று எழுதுவதும் அதனால்தான்.

தண்டனை என்ற பொருளே சிலுவையில் இல்லை என்று இதற்குள் முடிவு கட்டிவிடவும் கூடாது. "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்று ஏசாயா 53:5 சொல்கிறது. கர்த்தருடைய ஊழியர் ஒருவரின் பாடுகளைச் சொல்லும் பாடல் அது. கிறிஸ்தவர்கள் அவரைக் கிறிஸ்துவாக வாசிக்கிறார்கள். 53:10 இன்னும் கடினமானது: "கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமாகி". இதை மழுப்பக் கூடாது. ஆனால் 4-ம் வசனத்தை விட்டுவிட்டு 10-ம் வசனத்துக்குத் தாவவும் கூடாது: "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." அப்படி எண்ணியது நாம். உண்மையில் அவர் சுமந்தது நம்முடைய பாடுகளையும் துக்கங்களையும். 12-ம் வசனமோ அவரே தம்முடைய ஆத்துமாவை மரணத்தில் ஊற்றினார் என்று முடிக்கிறது.

கடவுளின் கோபம் என்றால் என்ன என்பதைப் பவுல் எப்படி விளக்குகிறார் என்று பார்த்தால் இந்த முடிச்சு பெருமளவு அவிழும். ரோமர் 1:18-ல் தேவகோபம் வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது என்று தொடங்குகிறார். இடி இறங்கியது, நெருப்பு விழுந்தது என்று எதிர்பார்ப்போம். அவர் சொல்வது வேறு. தேவன் அவர்களை "ஒப்புக்கொடுத்தார்" என்று 24, 26, 28 ஆகிய மூன்று வசனங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்டதையே கொடுத்துவிடுகிறார், கடவுள் வேண்டாம் என்றவர்களை, கடவுள் இல்லாத வாழ்க்கை எங்கே கொண்டுபோய் விடுமோ அங்கே போக விட்டுவிடுகிறார். அதுதான் கோபம். இப்போது ரோமர் 8:32: "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்". கிரேக்கத்திலும் அதே சொல்தான், "பரேதோக்கென்". மனிதர் எந்தப் படுகுழிக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார்களோ அதே இடத்துக்கு மகனும் ஒப்புக்கொடுக்கப்படுகிறார். நாம் விழுந்த இடத்தில் கடவுள் வந்து நிற்கிறார்.

அந்தச் சொல்லைப் பாடுகளின் வரலாறு முழுக்கப் பின்தொடரலாம். சீடனான யூதாஸ் அவரை ஒப்புக்கொடுத்தான் (மாற்கு 14:10). பிரதான ஆசாரியர்கள் ரோம ஆளுநர் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்தார்கள் (15:1). பிலாத்து சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்தான் (15:15). பிதா ஒப்புக்கொடுத்தார் (ரோமர் 8:32). மகன் "என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே" ஒப்புக்கொடுத்தார் (கலாத்தியர் 2:20). எல்லாம் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். தமிழில் யூதாஸுக்கு மட்டும் "காட்டிக்கொடுத்தான்" என்று வந்துவிடுவதால் இந்த இழை அறுந்துபோகிறது. யூதாஸை நடத்தியது பணம், தலைவர்களைப் பொறாமை, பிலாத்துவைக் கோழைத்தனம். பிதாவையும் மகனையும் அன்பு. ஒரே செயலுக்குள் மனிதரின் ஆகக் கேடான எண்ணமும் கடவுளின் ஆக ஆழமான எண்ணமும் ஓடுகின்றன. கடவுள் யூதாஸை ஏவிவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. மனிதர் செய்த கேட்டையே கடவுள் தம்மைக் கொடுக்கும் கையாக மாற்றிக்கொண்டார்.

பிதா கட்டளையிட, மகன் வேறு வழியில்லாமல் பணிந்தாரா? யோவான் 10:18 அதை மறுக்கிறது: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." கைதாவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் "என் சித்தத்தின்படியல்ல" என்று ஜெபித்தாரே என்றால், அதைத் திருச்சபை நூற்றாண்டுகளாக விவாதித்து, 680-681-ல் ஆயர்கள் கூடிய மூன்றாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தில் தீர்வு கண்டது: கிறிஸ்துவில் தெய்வ சித்தம், மனித சித்தம் என இரண்டும் உண்டு. சாவைக் கண்டு ஒதுங்க விரும்பும் உண்மையான மனித சித்தம் அந்த ஜெபத்தில் தெய்வ சித்தத்தோடு இசைகிறது. அந்தத் தெய்வ சித்தம் பிதாவுக்கு மட்டும் உரியது அல்ல. பிதா, மகன், ஆவி மூவருக்கும் ஒன்றே. ஆகவே பிதா விரும்பியதை மகன் விரும்பவில்லை என்று ஒரு கணமும் சொல்ல முடியாது. "பிதா மகனைக் கொன்றார்" என்று சொல்லும் இடத்தில், கடவுள் ஒருவரே, அவர் பிதா, மகன், ஆவி என மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவக் கோட்பாடு உடைந்துபோகிறது. மறுபக்கம், "பிதாவே சிலுவையில் மரித்தார்" என்பதையும் திருச்சபை தொடக்கத்திலேயே மறுத்துவிட்டது. 553-ல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் ஏற்ற வாசகம் கச்சிதமானது: மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர்.

"என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று இயேசு சிலுவையில் கதறியதை வைத்து, பிதா அந்த நேரத்தில் மகனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பிரசங்கிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியம் 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. அதே சங்கீதத்தின் 24-ம் வசனம், கடவுள் "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலுமிருந்து, தம்மை நோக்கி அவன் கூப்பிடுகையில் அவனைக் கேட்டருளினார்" என்கிறது. பிதா முகத்தை மறைத்தார் என்று மாற்கு எழுதவில்லை. அதற்காக, கைவிடப்பட்ட வேதனை வெறும் மேற்கோள்தான் என்று ஆக்கிவிடவும் வேண்டாம். கடவுள் இல்லை என்று தோன்றும் அந்த இருட்டுக்குள் அவர் உண்மையாகவே இறங்கினார். இறங்கியும் "என் தேவனே" என்றுதான் கூப்பிட்டார். கைவிடப்பட்டதாக உணரும் எவரும் அந்த வார்த்தைகளையே எடுத்து ஜெபிக்கலாம் என்பது இதன் பயன்.

திருச்சபை எத்தனையோ கோட்பாடுகளுக்குச் சங்கம் கூட்டி எல்லை வகுத்தது. ஆனால் சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை மட்டும் பொதுச் சங்கம் எதுவும் கட்டாயமாக்கவில்லை. 381-ன் விசுவாசப் பிரமாணம் "நமக்காக, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் படங்கள் பல. மாற்கு 10:45 "மீட்கும்பொருள்" என்கிறது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலை. விலை யாரிடம் கட்டப்பட்டது என்று கேட்டால் உவமை உடையும். 4-ம் நூற்றாண்டின் ஆயர் நசியான்சு கிரெகோரி இதைக் கேட்டு, சாத்தானுக்கு என்றால் அவமானம், பிதாவுக்கு என்றால் அவர் நம்மைச் சிறைவைத்தவர் அல்லவே என்று இரண்டையும் தள்ளினார். அதே நூற்றாண்டின் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு பாவத்தை அழிவு நோயாகப் பார்த்தார்: சாவு மனித இயல்புக்குள் புகுந்துவிட்டது, உயிரே வந்து சாவுக்குள் புகுந்தால்தான் அது குணமாகும். கீழைத் திருச்சபைகள் இன்றும் இந்த வழியில்தான் அதிகம் பேசுகின்றன. 11-ம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், கடவுளுக்குச் செலுத்தப்படாமல் போன மாண்பின் கடன் என்று விளக்கினார். மனிதன் கட்ட வேண்டும், கடவுளால் மட்டுமே கட்ட முடியும், ஆகவே கடவுள் மனிதரானார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலார் அபெலார்டு, அந்த அன்பைக் காண்பதே நம் உள்ளத்தை மாற்றுகிறது என்பதை முன்னே வைத்தார். சட்டம் படித்த 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் நீதிமன்ற மொழியில் பேசினார்: நம் குற்றத்தீர்ப்பு அவர்மேல். இவற்றில் ஒவ்வொன்றும் வேதத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது. எந்த ஒன்றையும் முழுமை என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளும்போதுதான் கோணல் வருகிறது. நீதிமன்றப் படத்தை மட்டும் வைத்தால் பிதா கடுமையான நீதிபதியாகி, மகன் அப்பாவியாகிவிடுகிறார். அபெலார்டின் படத்தை மட்டும் வைத்தால், மூழ்குகிற ஒருவரைக் காப்பாற்றாமல், அன்பைக் காட்டுவதற்காகப் பக்கத்தில் குதித்துச் செத்தவர்போல் ஆகிவிடும். உயிரைக் கொடுத்து அவரைக் கரை சேர்த்தால்தான் அது அன்பு என்று விளங்கும்.

சிலுவை அன்றைக்கு எப்படிப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது அலங்காரச் சின்னம் அல்ல, அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவு. கி.மு. 71-ல் ஸ்பார்த்தகஸ் தலைமையிலான அடிமைகளின் கலகம் அடக்கப்பட்டபின் 6,000 பேரை ரோமாபுரிக்குப் போகும் அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். 1968-ல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறையில் கிடைத்த குதிகால் எலும்பில், 11.5 செ.மீ. அளவுள்ள இரும்பு ஆணி இன்னும் செருகியிருந்தது. ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் கிடைத்த பழைய சுவர்க் கிறுக்கல் ஒன்றில், கழுதைத்தலையோடு சிலுவையில் தொங்கும் ஓர் உருவமும் அதை வணங்கும் ஒருவனும். "அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்" என்று எழுதிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். இத்தகைய இடத்தில் கடவுளின் அன்பு தெரிகிறது என்று சொல்ல யாருக்கும் இயல்பாகத் தோன்றாது.

இருந்தும் சுவிசேஷங்கள் வலியை விவரிக்கவில்லை. சிலுவையில் அறைந்ததைச் சொல்ல மாற்குவுக்கு ஓரிரு சொற்களே போதுமாக இருந்தது. எத்தனை கசையடி, எவ்வளவு இரத்தம் என்று எண்ணிக் கண்ணீர் வரவழைக்கும் பிரசங்கம் சிலுவையின் மையத்தைத் தவறவிடுகிறது. அதிக வலி என்பதால் அதிக மீட்பு என்று கணக்கு இல்லை. அதைவிட நீண்ட சித்திரவதையில் இறந்தவர்கள் உண்டு. மீட்பது வலியின் அளவல்ல, அங்கே தம்மைக் கொடுப்பவர் யார் என்பது.

இன்னும் இரண்டு ஆபத்துகள். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "இயேசு சுமக்கவில்லையா, நீயும் சும" என்று சொல்வது சிலுவையின் பெயரால் செய்யும் கொடுமை. இயேசு தம் உயிரைக் கொடுத்தது தாமே விரும்பி, அதிகாரத்தோடு. வேறொருவர்மேல் திணிக்கும் துன்பத்துக்கு அது முன்மாதிரி அல்ல. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ள வந்தபோது அவர் விலகிப் போனார் (லூக்கா 4:29-30), பிரதான ஆசாரியன் முன்னிலையில் கன்னத்தில் அறைந்தவனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). இரண்டாவது, யூதர் என்ற ஓர் இனத்தின்மேல் பழி போடுவது. நூற்றாண்டுகளாக இதனால் சிந்தப்பட்ட இரத்தம் கொஞ்சமல்ல. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது. அவரை ஒப்புக்கொடுத்தவர்கள் வரிசையில் சீடன், ஆசாரியர்கள், ரோம அதிகாரி எல்லாரும் இருக்கிறார்கள். அந்த வரிசைக்கு வெளியே நிற்பதாகச் சொல்லிக்கொள்ள எவருக்கும் இடமில்லை.

சிலுவையைத் தனியாகப் பிரித்து எடுத்தாலும் தவறுதான். "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:17). உயிர்த்தெழுதல் இல்லையென்றால் சிலுவை ஒரு நல்ல மனிதரின் தோல்வி. அன்பு சாவுக்குள் போய் அங்கேயே முடிந்துபோனதாக ஆகும்.

இதை நேரடியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் மாற்கு 14, 15 இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மொத்தம் 119 வசனங்கள், அரை மணி நேரத்துக்குள் முடியும். அடுத்து 22-ம் சங்கீதம், பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை. பிறகு ஏசாயா, 53:1-ல் தொடங்காமல் 52:13-ல் தொடங்குங்கள், பாடல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. லேவியராகமம் 16-ஐ வாசித்த கையோடு ரோமர் 3:21-26. பிறகு ரோமர் 5:6-11, 2 கொரிந்தியர் 5:14-21, 1 யோவான் 4:7-21. கையில் பென்சில் வைத்துக்கொண்டு, "காட்டிக்கொடு", "ஒப்புக்கொடு" என்று வரும் இடமெல்லாம் அடிக்கோடிடுங்கள். கடைசியாக யோவான் 19:30-க்கு வாருங்கள். "முடிந்தது என்று சொல்லி, தலையைச் சாய்த்து, ஆவியை ஒப்புக்கொடுத்தார்." அங்கேயும் அதே வினைச்சொல்தான்.